இலவசக் கோப்பையும் மறுநாள் தலைவலியும்

கேள்வி: என் பேத்தி டர்பனில் படிப்பை முடித்துவிட்டு, டிசம்பர் விடுமுறையில் தோழிகளுடன் தாய்லாந்துக்கும் லாவோஸுக்கும் போகிறாள். லாவோஸில் வாங் வியாங் என்ற ஊரில் விடிய விடியக் கொண்டாட்டம் நடக்குமாம். அங்கே கெட்ட சாராயம் குடித்து வெளிநாட்டுப் பிள்ளைகள் இறந்ததாகக் கேள்விப்பட்டேன். “அது பழைய கதை, ஆயா” என்கிறாள். போகாதே என்று சொல்லலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அது பழைய கதை அல்ல, அம்மா. 2024 நவம்பரில், மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மதுவைக் குடித்ததாகக் கருதப்படும் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் அவ்வூரில் நச்சுக்கு ஆளாகி இறந்தார்கள். அவர்களில் இரண்டு ஆஸ்திரேலியப் பெண்களுக்கு வயது 19. ஆனாலும் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். அங்கே செல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சுண்ணாம்புக்கல் மலைகளையும் ‘நாம் சொங்’ என்ற ஆற்றையும் பார்த்துவிட்டு நலமாகவே திரும்புகிறார்கள். பேத்தியிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்புங்கள்.

பேக்பேக்கர்கள் தங்கும் ஹாஸ்டல்களிலும் பார்களிலும், கூட்டம் சேர்ப்பதற்காக மாலை வேளையில் வோட்காவையோ விஸ்கியையோ சிறு கோப்பைகளில் இலவசமாக ஊற்றிக் கொடுப்பதுண்டு. தாய்லாந்துக் கடற்கரைகளில் பல மதுக்களைக் கலந்து பிளாஸ்டிக் வாளியிலேயே விற்பார்கள். இப்படி எங்கிருந்து வந்ததென்று தெரியாத சரக்கில், ஆதாயத்துக்காக மலிவான தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். குடிப்பவருக்கு நிறத்திலோ சுவையிலோ வேறுபாடு தெரியாது. இறப்புகளுக்குப் பிறகு டைகர் வோட்கா, டைகர் விஸ்கி ஆகியவற்றை லாவோஸ் அரசு தடை செய்தது, ஆனால் வேறு பெயர் ஒட்ட எத்தனை நேரம் பிடிக்கும்? குடிக்கத்தான் போகிறாள் என்றால், கண்ணெதிரே மூடி திறக்கப்படும் பீரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மெத்தனால் முதலில் சாதாரணப் போதையையே தரும். கல்லீரல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகு, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே, தலைவலியும் வாந்தியும் வயிற்றுவலியும் தொடங்கும். பார்வை மங்கும், மூச்சு வாங்கும். மறுநாள் வரும் இந்தத் தலைவலியை முந்தின இரவுக் குடியின் மிச்சம் என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதில்தான் உயிர் போகிறது. ஆகவே தோழிகள் ஒருவரையொருவர் எழுப்பிப் பார்க்க வேண்டும். கண் மங்கலாகத் தெரிகிறது என்று ஒருத்தி சொன்னால், “மெத்தனாலாக இருக்கலாம்” என்று வாய்விட்டுச் சொல்லி உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஃபோமெபிசோல் என்ற நச்சுமுறிவு மருந்தும் டயாலிசிஸும் உயிரையும் பார்வையையும் காக்கக்கூடியவை என்றாலும், சிறிய ஊர்களில் அவை கிடைப்பது அரிது. 2024இல் பாதிக்கப்பட்ட சிலரைத் தாய்லாந்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. நம் தென்னாப்பிரிக்காவுக்கு லாவோஸில் தூதரகம் இல்லை. பாங்காக்கில் உள்ளதுதான் அந்நாட்டையும் கவனிக்கிறது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, வேறு நாட்டு மருத்துவமனைக்கு மாற்றும் செலவும், மது அருந்தியிருந்தால் பணம் மறுக்கப்படும் என்ற நிபந்தனையும் அதில் உண்டா என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங் வியாங்கில் லாரி டயர் ட்யூபில் மிதந்தபடி ஆற்றங்கரை பார்களில் குடித்துக்கொண்டே போவார்களாமே, அது இன்னும் நடக்கிறதா?
– வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: நடக்கிறது, ஆனால் முன்போல் இல்லை. குடித்துவிட்டு ஊஞ்சலிலிருந்தும் சறுக்குமரத்திலிருந்தும் ஆற்றில் குதித்துப் பாறையில் மோதியவர்களும் மூழ்கியவர்களும் பெருகியதால், 2012இல் அரசு பெரும்பாலான கரையோர பார்களை மூடியது. மழைக்காலத்தில் நீரோட்டம் வேகமாக இருக்கும். உயிர்காப்பு மேலாடை இல்லாமல் இறங்கக் கூடாது.

கேள்வி: நம் ஊரில் வீட்டுக்குள் கஞ்சா புகைத்தால் குற்றமில்லை. லாவோஸில் கஞ்சா சேர்த்த ‘ஹேப்பி பீட்சா’ சாப்பிட்டால் என்ன தவறு என்று என் தம்பி மகன் கேட்கிறான்.
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பெரியவர்கள் தனிமையில் கஞ்சா பயன்படுத்துவதைக் குற்றமல்ல என்று 2018இல் நம் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அந்தத் தீர்ப்பு நம் எல்லையோடு நின்றுவிடும். லாவோஸில் போதைப்பொருள் வைத்திருந்தால் சிறையும் பெரும் அபராதமும் உண்டு, கடத்தலுக்கு மரண தண்டனை வரை சட்டத்தில் இடமிருக்கிறது. கடைக்காரர் உணவுப் பட்டியலில் வெளிப்படையாக அச்சிட்டிருக்கிறாரே என்று அவன் வாதாடுவான். அச்சிட்டவர் அந்த ஊர்க்காரர், யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். காவலர் கேட்பது உங்கள் தம்பி மகனின் கடவுச்சீட்டைத்தான்.