தட்டு இருக்கட்டும், மாமியாரை முதலில் கவனியுங்கள்

கேள்வி: கணவருக்கு நெடுநாள் வயிற்றுவலி. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருக்கிறது என்றார்கள். மாமனார் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தவர். இணையத்தில் தேடிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. கணவரின் தட்டு, கிளாஸை ஒதுக்கி வைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு வயது 9, 13. அவர்களுக்கும் மருந்து கொடுத்துவிடலாமா? ஒரு வாரமாக மாமியாருக்கும் மலம் கறுப்பாகப் போகிறது, அசதி என்கிறார். இதே கிருமிதானா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாமியாரை இன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாத வரி அதுதான்.

தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் வாடையோடு மலம் போனால், பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. குடல் வழியாக இறங்குவதற்குள் அந்த ரத்தம் செரித்துக் கறுத்துவிடும். சிவப்பாக எதுவும் தெரியாததால்தான் பலரும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், உண்மைதான். ஆனால் அசதியும் சேர்ந்திருக்கும்போது அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது. வலி இல்லையே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கு, அதிலும் வலி மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு, புண் வலிக்காமலே ரத்தம் கசியும்.

பால்மரம் சீவி முட்டி தேய்ந்துபோன தலைமுறை அது. முட்டிவலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். கடையில் வாங்கிய மாத்திரையோ, யாரோ கொடுத்த ஜாமு என்கிற மூலிகை மருந்தோ, எதுவாக இருந்தாலும் பாக்கெட்டோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். சில ஜாமுகளில் ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டு, சுகாதார அமைச்சே எச்சரித்திருக்கிறது. வலி மாத்திரையோடு இந்தக் கிருமியும் சேர்ந்தால் புண் வரும் ஆபத்து பல மடங்கு ஏறும். வழியில் தலைசுற்றி விழுந்தாலோ, ரத்தமாகவோ காப்பித்தூள் போலவோ வாந்தி எடுத்தாலோ 999-ஐ அழையுங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்தது. இணையம் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புண்கூட வருவதில்லை. புற்றுநோய் வருவது 100 பேரில் 1 முதல் 3 பேருக்குத்தான். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இந்தக் கிருமி மிக அதிகம். ஆனால் இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு நம்மவர்களிடம் இல்லை.

உங்கள் கணவர் கதை கொஞ்சம் வேறு. அப்பாவுக்கே அந்த நோய் வந்திருப்பதால் கிருமியை ஒழித்தே ஆகவேண்டும். அவர் என்னிடம் வந்திருந்தால் ஸ்கோப்பும், அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பதும், செய்யச் சொல்லியிருப்பேன். அவருடைய அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்காதீர்கள். எப்போதோ வந்துபோன கிருமியின் தடயத்தையும் அது காட்டும். இப்போது இருக்கிறதா என்பதை மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ சொல்லும், ஸ்கோப்பில் எடுக்கும் சதைத் துணுக்கும் சொல்லும். அதற்கு 2 வாரம் முன்பே ஒமெப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வார இடைவெளி தேவை. இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும்.

தட்டைப் பிரித்து வைத்ததால் கணவருக்கு மனக்கஷ்டம்தான் மிச்சம். இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, எச்சில், வாந்தி, மலம் வழியாகத் தொற்றுகிறது. தோட்டத்து லயத்தில் நெருக்கியடித்து வளர்ந்தவர் என்றால் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு வந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் பாத்திரத்துக்கு அது போதும். கழிப்பறைக்குப் போய்வந்தால் எல்லோரும் கை கழுவட்டும்.

பிள்ளைகளுக்குத் தொந்தரவு ஏதும் இல்லையென்றால் பரிசோதனையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். கணவருக்குச் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் 14 நாள் மாத்திரை. வாய் கசக்கும், வயிறு கலங்கும். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம். முடித்து 4 வாரம் கழித்து மறுபடி மூச்சுப் பரிசோதனை உண்டு. வலி போய்விட்டதே என்று அதைத் தவறவிடாதீர்கள்.