நகையை வைத்து என்விடியா வாங்கலாமா?

அன்புள்ள அண்ணா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், துறைமுகத்தில் வேலை. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் செல்போன் செயலி வழியாக என்விடியா பங்கு வாங்கி நல்ல லாபம் பார்த்துவிட்டார்கள். டீக்கடையில் இதே பேச்சுதான். மனைவியின் ஆறு பவுன் நகையை அடகு வைத்து நானும் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒன்றரை வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போக வேண்டும். ஏஐக்கு எல்லாரும் அந்தச் சிப்பைத்தானே வாங்குகிறார்கள், விலை எப்படி இறங்கும்?

க.

அன்புள்ள க.,

நகையை வைக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்களின் நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. 1993ல் தொடங்கிய என்விடியா, வீடியோ கேமுக்கான கிராஃபிக்ஸ் சிப்பில் பெயர் எடுத்தது. ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் அந்தத் திறமைதான் பிறகு ஏஐக்குத் தேவைப்பட்டது. அந்தச் சிப்புக்கு நிரல் எழுத உதவும் குடா என்ற மென்பொருளையும் 2006லேயே கொண்டுவந்துவிட்டார்கள். அதில் கை பழகியவர்கள் வேறு சிப்புக்கு லேசில் மாறுவதில்லை. 2023 நிதியாண்டில் 2,700 கோடி டாலராக இருந்த விற்பனை, 2025 நிதியாண்டில் 13,000 கோடியைத் தாண்டியது. அசாத்தியமான வளர்ச்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். காலடிப்பேட்டையில் விற்கும் ஓர் அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். ரத்தச் சிவப்பாக இருக்கும், முதல் தரமான மீன். ஏலம் ஏறும். ஐஸ், ஆட்டோ, வீதியில் என்ன விலை கேட்பார்கள் என்றெல்லாம் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வருவார். ஒரு விலை வந்ததும் சட்டென்று விலகி அடுத்த கூடைக்குப் போய்விடுவார். மீனில் ஒரு குறையும் இல்லை. அந்த விலைக்கு அவருக்குக் கட்டாது, அவ்வளவுதான்.

என்விடியாவின் இன்றைய விலையில் வரப்போகும் பல வருட லாபத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். அந்த லாபம் வந்தாலும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைந்தால் பங்கு இறங்கும். பெரிய வாடிக்கையாளர்கள் மைக்ரோசாஃப்ட், மெட்டா, அமேசான், கூகுள் என்று விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் கூகுளும் அமேசானும் சொந்தமாகவே ஏஐ சிப் வடிவமைக்கிறார்கள். 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த சிப்பில், குறைந்த செலவில் ஏஐ செய்துவிட்டது என்ற செய்தி பரவியதும் பங்கு ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் விழுந்தது. பிறகு ஏறியது, உண்மைதான். நகைக்கடன் வாங்கியவருக்கு அதுவரை காத்திருக்க முடியுமா? வட்டி மாதா மாதம் ஓடுமே.

நல்ல கம்பெனிகூட நீண்ட காலம் காக்க வைக்கும். 2000ல் இணையத்தின் அடித்தளமே, கணினிகளை இணைக்கும் கருவிகள் செய்யும் சிஸ்கோதான் என்றார்கள், அது பொய்யும் இல்லை. கம்பெனி லாபத்தோடு நடந்தது. ஆனாலும் அந்த வருட மார்ச் மாத உச்ச விலையை மறுபடி தொட 2025 டிசம்பர் ஆனது.

அதே 2000ல் என் அப்பா பணி ஓய்வுப் பணத்தில் பாதியை ஒரு கணினி நிறுவனப் பங்கில் போட்டார். தினமும் காலையில் பேப்பரின் பங்கு விலைப் பக்கத்தில், வரிசை தவறாமல் இருக்க என் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் படிப்பார். ஒரு நாள் ஸ்கேலைத் திருப்பி என் பையில் வைத்துவிட்டார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கினோம். உங்கள் கடிதத்தில் மகளின் படிப்பு என்ற வரியைப் படித்ததும் அந்த ஸ்கேல்தான் கண் முன்னால் வந்தது.

பங்கு வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஐந்தாறு வருடம் தொடத் தேவையில்லாத பணம் சம்பளத்தில் மிஞ்சினால், மாதா மாதம் சின்னத் தொகையாக வாங்குங்கள். டாலரில் வாங்குகிறீர்கள், ரூபாய் மதிப்பின் ஏற்ற இறக்கமும் உங்கள் கணக்கில் சேரும். கல்லூரிக் கட்டணம் மட்டும் வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும்.

ஒருவேளை நகை ஏற்கெனவே கடைக்குப் போயிருந்தால், பணத்தைச் செயலியில் போடுவதற்குள் இந்த வாரமே போய் மீட்டுவிடுங்கள். மீட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.