சினிமா விமர்சகராகவும் இசைக்கலைஞராகவும் ஒருவரே இருக்க முடியுமா? அப்படி யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார். பிரிட்டனில் மார்க் கெர்மோட். நான் பதினோரு வருடம் திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். அவருடைய சினிமாப் பேச்சை வெகுநாள் கேட்ட பிறகுதான் அவரும் பேஸ் ஆள் என்று தெரிய வந்தது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1963-இல் லண்டனின் வடக்கு ஓரத்தில் உள்ள பார்னெட்டில் பிறந்தார். தந்தை வழிப் பெயர் ஃபேரி. பெற்றோர் பிரிந்த பிறகு தாய் வழிப் பெயரான கெர்மோடை வைத்துக்கொண்டார். 1975-இல் ஸ்லேட் என்ற ராக் குழு நடித்த 'ஃப்ளேம்' படத்தைப் பார்த்துவிட்டு, நாமும் மேடையேறலாம் என்று அந்தப் பையன் முடிவு கட்டியிருக்கிறான். கடையில் வாங்காமல், எலெக்ட்ரிக் கிட்டாரைத் தானே செய்துகொண்டான். ஒரு சினிமா பார்த்து இசைக்கு வந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் திகில் கதைகளை ஆராய்ந்து 1991-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஊர்ப் பத்திரிகையில் தொடங்கிய எழுத்து லண்டன் பத்திரிகைகளுக்கும் பிபிசி வானொலிக்கும் கொண்டுபோனது. பிபிசியின் ரேடியோ 5 லைவ் நிலையத்தில் அறிவிப்பாளர் சைமன் மேயோவுடன் 2001-இல் தொடங்கிய விமர்சன நிகழ்ச்சி 2022 ஏப்ரல் வரை ஓடியது. இப்போது அதே இருவர் பாட்காஸ்டாகத் தொடர்கிறார்கள். நடுவில் பத்து வருடம் அப்சர்வர் இதழின் தலைமைத் திரை விமர்சகராகவும் இருந்தார்.

தொலைக்காட்சியில் பிபிசி 2-இன் 'தி கல்ச்சர் ஷோ'தான் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. 2006-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கை வெட்டவெளியில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஹெர்சாக்கை ஏர்கன்னால் சுட்டார்கள். ஹெர்சாக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பேட்டியைத் தொடர்ந்தார். அந்தக் காணொலி உலகம் சுற்றியது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2018-இல் பிபிசி ஃபோரில் வந்த 'சீக்ரெட்ஸ் ஆஃப் சினிமா' தொடர். காதல் நகைச்சுவை, கொள்ளைப் படம், திகில் என்று ஒவ்வொரு வகையையும் எடுத்து, அது எப்படிக் கட்டப்படுகிறது, எந்த இடத்தில் என்ன வரவேண்டும், எங்கே அதை மாற்றினால் படம் எழுந்து நிற்கிறது என்று பிரித்துக் காட்டுவார். ஒரு பாட்டின் பல்லவி, இடையிசை, சரணத்தைப் பிரித்துச் சொல்லித்தரும் வாத்தியார் போல இருக்கும்.

சரி, இசைக்கு வருவோம். கெர்மோட் வாசிப்பது டபுள் பாஸ், பேஸ் கிட்டார் போலவே தாழ்ந்த சுருதி தரும், ஆள் உயரத்துக்கு நிற்கும் மரவாத்தியம். அவருடைய முதல் பெயர்பெற்ற குழு ரெயில்டவுன் பாட்லர்ஸ். 'ஸ்கிஃபிள்' என்ற இசையை வாசித்தார்கள். 1950-களில் பிரிட்டனில் பரவிய வகை அது. காசில்லாத பையன்கள் தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டி பேஸாக்குவார்கள், துணி துவைக்கும் தகரப் பலகையை விரலுறையால் உரசித் தாளம் போடுவார்கள். ஜான் லெனன் பள்ளிநாளில் தொடங்கியதும் அப்படியொரு குழுதான். தெருவில் வாசித்துப் பரிசு வாங்கிய பாட்லர்ஸ், 1993-இல் தொகுப்பாளர் டேனி பேக்கரின் பிபிசி நிகழ்ச்சிக்கு நிரந்தர இசைக்குழுவாகவே அமர்ந்தது.

பிறகு வந்தது டாட்ஜ் பிரதர்ஸ். இந்தக் குழுவின் பாடகர் மைக் ஹேமண்ட் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சினிமா கற்பித்தவர். மௌனப் பட பியானோ கலைஞர் நீல் பிராண்ட் இவர்களோடு சேர்ந்தார். திரையில் மௌனப் படம் ஓட, கீழே குழு நேரடியாக வாசிக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட படங்களில் ஒன்று 1928-இல் வில்லியம் வெல்மன் இயக்கிய 'பெக்கர்ஸ் ஆஃப் லைஃப்'. தன்னைச் சீரழிக்க வந்த வளர்ப்புத் தந்தையைச் சுட்டுவிட்டு, ஆண் உடையில் சரக்கு ரயிலேறித் தப்பும் பெண்ணாக லூயிஸ் புரூக்ஸ். டாட்ஜ் பிரதர்ஸ் வாசிப்பதோ நாடோடிகளும் சரக்கு ரயில்களும் நிறைந்த பழைய அமெரிக்கப் பாட்டு. இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. 2014-இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவிலும் இதை வாசித்தார்கள்.

இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கு என் பதில் இருக்கிறது. படத்துக்கு நேரடியாக வாசிப்பவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியாது. நாயகி கதவைத் திறக்கும் நொடிக்கு நிறுத்த வேண்டும், ரயில் வேகமெடுக்கும்போது கூடவே எடுக்க வேண்டும், ஒரு முகம் அமைதியாக நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். எங்கள் குழுவில் ஒரு திருவிழாக் கச்சேரியில் மெதுவான பாட்டின் நடுவே எல்லாரும் நிறுத்தவேண்டிய இடத்தில் நான் இரண்டு தாள அடி கூடுதலாக வாசித்துவிட்டேன். பாடிய அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு படத்தில் பின்னணி இசை முகத்தை மூடிவிட்டது என்று கெர்மோட் சொன்னால், எனக்கு அது வெளியில் நிற்பவர் சொல்லும் குறையாகக் கேட்பதில்லை. வாசித்துப் பார்த்தவர் சொல்வது.

தியேட்டரில் போன் பார்க்காதே, பேசாதே, சத்தமாகச் சாப்பிடாதே என்று அவரும் மேயோவும் போட்ட விதிப் பட்டியலையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். மேடையில் நின்றவருக்குத்தான் எதிரே இருப்பவர் கவனம் கலைவது உடம்பில் உறைக்கும்.

அதனால், இரண்டும் ஒருவருக்கு முடியுமா என்றால் முடியும். இவர் விஷயத்தில் ஒன்றில்லாமல் மற்றொன்று இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பது என் எண்ணம்.

தொடங்க வேண்டுமென்றால் 'சீக்ரெட்ஸ் ஆஃப் சினிமா'வின் காதல் நகைச்சுவைப் பகுதியைப் பாருங்கள். அப்புறம், எல்விஸ் முதன்முதலில் பதிவுசெய்த மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவுக்கே போய் டாட்ஜ் பிரதர்ஸ் பதிவுசெய்த 'தி சன் செட்' ஆல்பத்தைக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். டபுள் பாஸ் அதில்தான் கேட்கும்.