எஸ்.ஏ.எஸ். தேர்வுக்கு உடலை எப்படித் தயார் செய்வது?

பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படைத் தேர்வுக்கு ஜிம்மில் எடை தூக்கி, நாள்தோறும் ஓடினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்றே சொல்வேன். தேர்வின் தொடக்கக் கட்டம் வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் நடக்கிறது. முதுகில் கனத்த பையுடன், வரைபடத்தையும் திசைகாட்டியையும் நம்பித் தனியாளாகவே நடக்க வேண்டும். இறுதி நடை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். அதை 20 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

ஆகவே பயிற்சியின் மையம் சுமைநடைதான். குறைந்த எடையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். தூரத்தையும் எடையையும் ஒரே வாரத்தில் உயர்த்தாதீர்கள், ஏனெனில் இதயமும் நுரையீரலும் பழகும் வேகத்தில் எலும்புகளும் தசைநாண்களும் பழகுவதில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் நுண்முறிவு ஏற்படுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். ஏற்றத்தைவிட இறக்கமே தொடைத் தசையையும் முழங்காலையும் வாட்டும் என்பதால், சுமையுடன் சரிவில் இறங்கிப் பழகுவது மிகவும் அவசியம். குதிகாலில் எரிச்சல் தெரிந்த உடனேயே நின்று டேப் ஒட்டிவிடுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2013 ஜூலையில், அதே மலைகளில் கடும் வெயிலில் நடந்த தேர்வு நடையில், வெப்பத்தால் பாதிக்கப்பட்டு மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். பயிற்சியில் குமட்டலோ தலைசுற்றலோ மனக்குழப்பமோ தோன்றினால், அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல், சுமையை இறக்கி, நிழலில் உடலைக் குளிர்வித்து, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.