ஊகெத் ஊர்பினா யார்? பேஸ்பால் வீரரான அவர் ஏன் சிறைக்குப் போனார்?

வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் பிறந்தவர். ரிலீஃப் பிட்சர், அதாவது தொடக்கப் பந்து எறிபவருக்குப் பிறகு நடுவில் களமிறங்குபவர். அதிலும் கடைசி இன்னிங்ஸில் வந்து, கையில் இருக்கும் முன்னிலையைக் காப்பாற்றும் ‘க்ளோசர்’ வேலையில் கெட்டிக்காரர். 1999இல் மான்ட்ரியல் அணிக்காக 41 ‘சேவ்’ (இப்படி முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிப்பது) எடுத்து, அமெரிக்க மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தார். மேஜர் லீக்கில் ஆடிய காலம் முழுவதும் சேர்த்து மொத்தம் 237 சேவ். பிறகு பாஸ்டன், டெக்சஸ், ஃப்ளோரிடா, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா என்று அணி அணியாக மாறினார். மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரை 2003இல் வென்ற ஃப்ளோரிடா அணியில் அவரும் இருந்தார்.

2004 செப்டம்பரில் வெனிசுவேலாவில் அவருடைய தாயாரைப் பணத்துக்காகக் கடத்தினார்கள். போலீஸ் அவரை மீட்டது 2005 பிப்ரவரியில்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்தது. துப்பாக்கியைத் திருடிவிட்டார்கள் என்று சொல்லி, தன் பண்ணைத் தொழிலாளர்கள் ஐந்து பேரை அவரும் கூட இருந்தவர்களும் வெட்டுக்கத்தியால் தாக்கி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்த முயன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ஊர்பினா மறுத்தார். 2007 மார்ச்சில் கொலை முயற்சிக் குற்றம் உறுதியாகி, 14 ஆண்டு 7 மாதம் சிறை கிடைத்தது.

தாயார் கடத்தப்பட்ட வேதனையே இதற்குக் காரணம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தொழிலாளர்களுக்கும் கடத்தலுக்கும் என்ன சம்பந்தம்? காயம்பட்டவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

2012 டிசம்பரில் விடுதலையானார். அமெரிக்க மேஜர் லீக்கில் மறுபடி ஆடவில்லை.