சேலத்தில் இருந்துகொண்டே ஒருங்கிணைந்த உளசிகிச்சையாளர் ஆக முடியுமா?

எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன், இன்டகிரேட்டிவ் சைக்கோதெரபி (ஒரே முறையில் நிற்காமல், பல முறைகளை இணைத்துப் பேச்சின் வழியே மனதுக்குச் சிகிச்சை தருவது) கற்க எவ்வளவு காலம் ஆகும், சேலத்தை விட்டுப் போகாமல் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அம்மாபேட்டைக்காரி. இங்கே ஒரு பள்ளியில் கவுன்சலராக வேலை பார்த்துக்கொண்டே, மாதம் ஒரு சனி ஞாயிறு பெங்களூருக்குப் போய் 4 வருஷம் பயிற்சி எடுத்தேன். முடியும். ரயிலில்தான் பாதித் தூக்கம்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடித்த சூட்டோடு ஆறு வார ஆன்லைன் சான்றிதழ் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். வீடியோ பார்த்தேன், பத்துக் கேள்விக்கு விடை தொட்டேன், சான்றிதழ் வந்தது. ஃபிரேம் போட்டுக்கூட மாட்டினேன். அந்த ஆறு வாரத்தில் ஒரு மனிதர்கூட என் எதிரில் உட்காரவில்லை. ஐரோப்பிய உளசிகிச்சைச் சங்கத்தின் சான்றிதழுக்கு 7 ஆண்டுகளில் 3,200 மணி நேரம் கேட்கிறார்கள். அதில் 4 ஆண்டுகள் உளசிகிச்சைக்கென்றே. நம் ஊரில் அந்தச் சான்றிதழ் யாருக்கும் கட்டாயமில்லை. ஆனாலும் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டுமல்லவா?

ஒருங்கிணைந்த முறை என்றால், ஆளுக்கொரு சிகிச்சை முறையை உருவாக்கிய ரோஜர்ஸில் கொஞ்சம், பெக்கில் கொஞ்சம், எரிக் பெர்னில் கொஞ்சம் கிள்ளிப் போடுவது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாம் வருஷம் ஒரு அம்மாவுடன் நடந்த அமர்வை என் சூப்பர்வைசரிடம், அதாவது என் அமர்வுகளை மேற்பார்வை செய்யும் மூத்த சிகிச்சையாளரிடம், எடுத்துப் போனேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ஒரே மணி நேரத்தில் மூச்சுப் பயிற்சி, எண்ணங்களை எழுதும் தாள், காலி நாற்காலியிடம் பேசச் சொல்வது என மூன்றையும் இறக்கியிருந்தேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "இதில் எது அந்தம்மாவுக்காக, எது உன் பதற்றத்துக்காக?" என்று கேட்டார். பதில் இல்லை. பல சிகிச்சை முறைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி பலன் தருவதற்கு அவற்றுக்குப் பொதுவான அம்சங்கள் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே எழுதிவிட்டார். அந்தப் பொதுவான அம்சங்களில் பெரியது எதிரில் இருப்பவரோடு உண்டாகும் உறவு. பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கியவள்தான் நான்.

பயிற்சியில் எனக்கு நிஜமாக உறைத்தது ஏற்காட்டில். மூன்று நாள் தங்கல். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, குமட்டலோடு போய் இறங்கினேன். மூன்று பேராகப் பிரித்தார்கள்: ஒருவர் பேசுபவர், ஒருவர் சிகிச்சையாளர், ஒருவர் பார்வையாளர். நடிக்கக் கூடாது, சொந்த விஷயம்தான், ஆனால் சின்னதாக இருக்கட்டும் என்றார்கள். தூக்கம் சரியில்லை என்று ஆரம்பித்தேன். அப்பா விசைத்தறியை விற்ற பிறகு வீட்டில் சத்தம் இல்லை, சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை என்று என் வாய் சொல்லிக்கொண்டே போகிறது, எனக்கே அது புதுச் செய்தி. எதிரில் இருந்த தோழி பாவம், என்னைத் தேற்றும் அவசரத்தில் "ஃபேன் சத்தம் மாதிரி ஏதாவது போட்டுப் பாருங்களேன்" என்றாள். அவ்வளவுதான், தொண்டை அடைத்துவிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் நான் அப்போது தூக்கத்தைப் பற்றியா பேசிக்கொண்டிருந்தேன்? பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி ஃபேன் போட்டுவிட்டிருக்கிறேன் என்று அன்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் பயிற்சியில் விதித்திருந்த சொந்த சிகிச்சைக்கு (பயிற்சி எடுப்பவரும் ஒரு சிகிச்சையாளரிடம் போய் உட்கார வேண்டும்) முனகாமல் போனேன். அதுவரை வீண் செலவென்று தள்ளிப்போட்டு வந்தேன்.

மொழி இன்னொரு தலைவலி. பயிற்சி முழுக்க இங்கிலீஷ், வருகிறவர்கள் தமிழ். "அது உங்களை எப்படி உணர வைத்தது?" என்று ஒரு முறை ஒரு அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அந்தம்மா என் முகத்தையே பார்த்தார். "அப்ப உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று மாற்றிக் கேட்டதும், "வயித்தைப் பிசையுது கண்ணு, சோறு எறங்கல" என்றார். நம் ஆட்களுக்குத் துக்கம் நெஞ்சில், வயிற்றில், கைகாலில்தான் இருக்கிறது. இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் பயிற்சி எங்கே எடுத்தாலும், தமிழில் வேலை செய்யும் ஒருவரையும் சூப்பர்வைசராக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்ட விஷயம் சுருக்கமாக: இந்தப் பயிற்சி உங்களை கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக்காது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள, 1992 சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். அதற்கு அவர்கள் ஏற்கும் படிப்பு தனி. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மற்ற உளவியலாளர்களையும் கவுன்சலர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து எழுதுவது மனநல மருத்துவர் வேலை, அந்தப் பக்கமே போகாதீர்கள். தற்கொலை எண்ணம் என்று யாராவது சொன்னால் தனியாளாகச் சமாளிக்கப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நான் எழுதியே கொடுத்துவிடுவேன்.

பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் நிஜ ஆட்களைப் பார்க்க வேண்டும், அதை யார் மேற்பார்வை செய்வார், நான் எத்தனை மணி நேரம் சொந்த சிகிச்சைக்குப் போக வேண்டும். மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் "அதெல்லாம் தேவையில்லைங்க" என்றால் போனை வைத்துவிடலாம்.