சப்பாத்திச் சுருளுக்கா இவ்வளவு காசு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு மெக்சிகன் ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போனோம். புரிட்டோ என்று ஒன்று கொண்டு வைத்தார்கள். அம்மா ஒரு கடி கடித்துவிட்டு, "சப்பாத்திக்குள்ள பயறையும் சோறையும் வச்சு சுருட்டித் தந்திருக்கான், இதுக்கா 300 ரூபா?" என்று கேட்டுவிட்டார். வீடு வந்து சேரும்வரை இதே பேச்சுதான். நாங்கள் ஏமாந்துவிட்டோமா? (ஒரு வாசகி, தக்கலை)

பதில்: ஏமாறவில்லை. உங்கள் அம்மா சொன்னது புரிட்டோவுக்குச் சரியான விளக்கம்தான். மெக்சிகோவின் வடபகுதியில் கோதுமை விளைகிறது, அங்கே கோதுமை மாவில்தான் டார்ட்டில்லா என்ற ரொட்டியைப் போடுகிறார்கள், புரிட்டோ அந்தப் பக்கத்துச் சாப்பாடு. அதனால் சப்பாத்தி மாதிரி இருந்ததை வைத்துப் போலி என்று நினைக்க வேண்டாம். ஆனால் சோறு வேறு கதை. வடக்கு மெக்சிகோவில் புரிட்டோ மெலிசாக, உள்ளே பயறோ இறைச்சியோ ஒன்றிரண்டு சாமானோடு இருக்கும். சோற்றை அடைத்துக் குண்டாகச் சுருட்டும் வழக்கம் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தது. நம் ஊரில் சோறு மலிவு, அதை அடைத்து 300 ரூபாய் வாங்கினால் எனக்கும் மனசு ஒப்பாது. அடுத்த தடவை ஆர்டர் கொடுக்கும்போதே "சோறு குறைச்சு, பயறு கூட்டி" என்று சொல்லுங்கள், செய்து தருவார்கள்.

அப்புறம் ஒன்று. அம்மாவை மறுபடி கூட்டிப் போனால் புரிட்டோ வேண்டாம், மக்காச்சோள டார்ட்டில்லாவில் கறியை வைத்து மடித்துத் தின்னும் டாக்கோ வாங்கிக் கொடுங்கள். மெக்சிகோவின் உயிரே அந்த மக்காச்சோளத்தில்தான் இருக்கிறது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவிக் களைந்து ஈரமாக அரைக்கிறார்கள். இப்படிச் செய்தால்தான் மாவு ஒன்றுசேர்ந்து தட்ட வரும், சோளத்தில் இருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். அரைக்கிற கல்லுக்கு மெட்டாட்டே என்று பெயர், குழவியோடு பார்த்தால் நம் அம்மிக்கு ஒன்றுவிட்ட அக்காள் மாதிரி இருக்கும். சுடுகிற கல் அப்படியே தோசைக்கல். எங்கள் மைனியை ஒருநாள் அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டார்ட்டில்லா, அதன்மேல் கோழி, பொடியாக நறுக்கிய வெங்காயம், மல்லி இலை. மைனி முதலில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து "சுண்ணாம்பு மணம் வருதே" என்றார், பிறகு எலுமிச்சையைப் பிழிந்து, மடித்து, ஒரே மூச்சில் கடித்தார். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. இரண்டாவதைக் கையில் எடுத்தவர் பரிமாறிய பையனிடம் "காந்தாரி மிளகாய் உண்டா மக்களே?" என்று கேட்டார். பையன் உள்ளே போய், காந்தாரியும் தக்காளியும் சேர்த்து இடித்த ஒரு சல்சாவைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டு வந்தான். அந்த மேசையிலேயே நல்ல சாப்பாடு அதுதான். மெக்சிகோவின் ஹலபேன்யோ மிளகாயைவிடக் காந்தாரிக்கு எரிவு பல மடங்கு அதிகம், அதனால் பிள்ளைகள் பக்கம் வைக்காதீர்கள்.

இதை ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்ச்சுக்கீசியர் வருவதற்கு முன் நம் குழம்புக்குக் காரம் கொடுத்தது நல்லமிளகு. ஏன், நாம் மீன்குழம்போடு தின்னும் மரச்சீனிக்கிழங்கும் தென் அமெரிக்கச் சரக்குதான், திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு 300 ரூபாயிலிருந்து நகர்ந்துவிடும்.

கேள்வி: மெனுவில் மீன் டாக்கோ என்று இருக்கிறது. வாங்கலாமா? (ஒரு வாசகர், குளச்சல்)

பதில்: தாராளமாக வாங்கலாம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கடற்கரையில், முக்கியமாக என்செனாடா ஊரில், பேர்பெற்ற சாப்பாடு அது. வெள்ளை மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, முட்டைக்கோஸ் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். ஆனால் என்ன மீன் என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். குளச்சலும் முட்டமும் தேங்காப்பட்டணமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஐஸ்பெட்டியில் வந்த பாசா மீனைப் பொரித்துத் தந்தால் அதைச் சாப்பிட வேண்டிய தலையெழுத்து நமக்கு இல்லை.

கேள்வி: மெக்சிகன் சாப்பாட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களாமே? (ஒரு வாசகி, திருவிதாங்கோடு)

பதில்: மெக்சிகோவில் சேர்ப்பது உண்டு. மசித்து வதக்கிய பயறிலும் கோதுமை டார்ட்டில்லா மாவிலும் பழைய முறைப்படி அந்தக் கொழுப்பைத்தான் போடுவார்கள். நம் ஊரில் எண்ணெயில் செய்வதே வசதி என்றாலும், மெனுவை நம்பாமல் சமையல்காரரிடமே நேரில் கேளுங்கள். பன்றி இறைச்சி சுடும் கல்லிலேயே மற்றதையும் சுடுகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

கேள்வி: பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கொடுத்துதான் ஆக வேண்டுமா? (ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஹோட்டல்காரர்கள் அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டத்தான் வேண்டும். பரிமாறிய பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க மனசு இருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள்.

கேள்வி: நாச்சோஸ் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? (ஒரு மாணவி, கன்னியாகுமரி)

பதில்: அது ஓர் ஆளின் பெயர். 1943-இல் மெக்சிகோவின் எல்லை ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர், திடீரென்று வந்த விருந்தாளிகளுக்காக டார்ட்டில்லாவை வெட்டிப் பொரித்து, சீஸும் மிளகாயும் போட்டு உருக்கிக் கொடுத்தார். இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்பார்கள். நம் கடற்கரை ஊர்களில் இன்னாசி என்று பெயர் வைக்கிறோமே, அதே பெயர்தான். தட்டு வந்த உடனே சாப்பிட்டுவிடுங்கள், பேசிக்கொண்டே இருந்தால் சீஸ் உறைந்து சிப்ஸ் எல்லாம் நமுத்துப்போகும்.